1 லிட்டர் டப்பாவா, 20 லிட்டர் பக்கெட்டா, பேரலா? இன்ஜின் ஆயில் வாங்கி வைப்பவர்களுக்கு ஓர் ஒப்பீடு

சீல் பிரிக்காத இன்ஜின் ஆயில் நல்ல நிழலில் இருந்தால் 4, 5 ஆண்டு தாங்கும். சீல் பிரித்த அதே ஆயிலுக்கு 6 மாதம், மிஞ்சிப்போனால் 1 ஆண்டு என்றுதான் கணக்கு வைக்க வேண்டும். கடைக்காரர் பெரிய பக்கெட்டைக் காட்டி "லிட்டருக்கு இவ்வளவு குறையுதுங்க" என்று சொல்லும்போது இந்த இரண்டாவது கணக்கு பேச்சில் வருவதே இல்லை. டிராக்டர், பவர் டில்லர், ஜெனரேட்டர், ஒரு கார், இரண்டு பைக் என்று வைத்திருக்கும் வீட்டில் எந்த அளவு கேன் வாங்குவது என்பதை முடிவு செய்ய வேண்டியது அந்த இரண்டாவது கணக்குதான். வருஷத்துக்கு எத்தனை லிட்டர் செலவாகிறது என்று மட்டும் பார்த்தால் போதாது. திறந்த கேன் எத்தனை நாளில் காலியாகும் என்று பார்க்க வேண்டும்.

இன்ஜின் ஆயில் கடலை எண்ணெய் மாதிரி சில மாதத்தில் காறிப்போகிற பொருள் அல்ல. அதில் முக்கால் பங்குக்கு மேல் சுத்திகரித்த அடிப்படை எண்ணெய். அது சும்மா இருக்கும்போது எளிதில் கெடாது. மிச்சப் பங்கில்தான் விஷயமே இருக்கிறது: கசடைக் கழுவுகிற பொருள், கழுவிய கசடை அடியில் படியவிடாமல் மிதக்க வைக்கிற பொருள், தேய்மானத்தைத் தடுக்கிற துத்தநாகக் கூட்டுப்பொருள், சூட்டில் ஆயில் நீர்த்துப் போகாமல் பிடித்து வைக்கிற பாலிமர், நுரை அடக்குகிற சிலிக்கோன். இவற்றைத்தான் சேர்மானம் என்கிறோம். தண்ணீர் கலந்தால் முதலில் பாதிக்கப்படுவது இந்தச் சேர்மானம். துத்தநாகக் கூட்டுப்பொருள் ஈரத்தில் சிதைகிறது. கழுவும் பொருள் தண்ணீரைப் பிடித்துக்கொண்டு பால் மாதிரி கலங்குகிறது. நுரை அடக்கும் சிலிக்கோன் ஆயிலில் கரைந்திருப்பதில்லை, நுண்துளிகளாக மிதக்கிறது. அதனால் ரொம்ப நாள் அசையாமல் நின்றால் அது பிரிந்து வர வாய்ப்புண்டு.

சூட்டைப் பற்றி எல்லோரும் கவலைப்படுகிறார்கள். 10 டிகிரி கூடினால் ஆயில் ஆக்சிஜனோடு சேர்ந்து கெடும் வேகம் ஏறக்குறைய இரட்டிப்பாகும் என்பது பொது விதி, உண்மைதான். ஆனால் ஓடும் இன்ஜினில் இதே ஆயில் 100 டிகிரிக்குப் பக்கத்தில் நூற்றுக்கணக்கான மணி நேரம் வேலை செய்கிறது. மே மாதத் தகரக் கொட்டகையின் 45 டிகிரி, சீல் பிரிக்காத கேனை ஒரே கோடையில் வீணாக்கிவிடாது. தண்ணீரும் மண்ணும் வீணாக்கிவிடும், அவை உள்ளே போவது திறந்த வாய் வழியாகத்தான்.

1 லிட்டர் டப்பா

லிட்டர் கணக்கில் பார்த்தால் விலை அதிகம் இதற்குத்தான். ஆனால் ஒரு பைக், ஒரு ஸ்கூட்டர் மட்டும் இருக்கிற வீட்டில் இதைத் தவிர வேறு எதையும் யோசிக்க வேண்டியதில்லை. நம் ஊரில் ஓடும் 100 சிசி, 125 சிசி வண்டிகள் பெரும்பாலானவற்றுக்கு ஒரு தடவை ஊற்ற 700 மில்லி முதல் 1 லிட்டர் வரை போதும். திறக்கிறோம், ஊற்றுகிறோம், முடிந்தது.

இதில் ஒரே சிக்கல், 800 மில்லி பிடிக்கிற வண்டிக்கு 1 லிட்டர் டப்பா வாங்கினால் ஒவ்வொரு தடவையும் 200 மில்லி மிஞ்சும். ஐந்து தடவை மிஞ்சியதைச் சேர்த்தால் ஒரு டப்பா கிடைக்குமே என்று தோன்றும். சேர்க்கலாம் என்றாலும், முதல் 200 மில்லி அதற்குள் ஒன்றரை, இரண்டு வருஷம் திறந்து கிடந்திருக்கும். அதற்குப் பதிலாக 800 மில்லி, 900 மில்லி டப்பாக்களே கிடைக்கின்றன. வண்டியின் கையேட்டில் "ஆயில் மாற்றும்போது" என்று போட்டிருக்கும் அளவைப் பார்த்து அதற்கு நெருக்கமானதை வாங்குங்கள். அதே பக்கத்தில் "இன்ஜினைப் பிரித்து மாட்டும்போது" என்று கொஞ்சம் பெரிய எண் ஒன்றும் இருக்கும். அதைப் பார்த்து ஊற்றினால் அளவு கூடிப்போகும். கூடிப்போனால் கிராங்க் ஷாஃப்ட் ஆயிலை அடித்து நுரையாக்கும், மிச்சம் ஏர் ஃபில்டர் பக்கம் போகும்.

பைக்குக்கும் காருக்கும் சேர்த்து ஒரே பெரிய கேன் வாங்கிவிடலாம் என்ற எண்ணத்தை இங்கேயே விட்டுவிடுவது நல்லது. கியர் பைக்கில் கிளட்ச் ஆயிலிலேயே நனைந்து ஓடுகிறது. அதற்கு ஜாசோ (ஜப்பானிய வாகன ஆயில் தரம்) எம்ஏ அல்லது எம்ஏ2 என்று போட்ட ஆயில் வேண்டும். கார் ஆயிலில், முக்கியமாக 0டபிள்யூ-20, 5டபிள்யூ-30 மாதிரி மெல்லியவற்றில், உராய்வைக் குறைக்கும் பொருள் சேர்த்திருப்பார்கள். அது கிளட்ச் தட்டை வழுக்க வைக்கும். கியர் இல்லாத ஸ்கூட்டரில் கிளட்ச் ஆயிலில் நனைவதில்லை, அதற்கு எம்பி என்று தனி வகை உண்டு.

3.5 லிட்டர், 5 லிட்டர், 7.5 லிட்டர் கேன்

சிறிய பெட்ரோல் காருக்கு ஃபில்டரோடு சேர்த்து மாற்ற 3 முதல் 3.5 லிட்டர் போகும். அதற்கென்றே 3 லிட்டர், 3.5 லிட்டர் கேன் வருகிறது. மூன்று சிலிண்டர் டிராக்டருக்கு 6 முதல் 8 லிட்டர், அதற்கு 7.5 லிட்டர் கேன் இருக்கிறது. இந்த அளவுகள் இன்ஜினின் வயிற்றைப் பார்த்தே வந்தவை. டிராக்டருக்கு 7.5 லிட்டர் கேன் ஒன்றைத் திறந்து, ஊற்றி, கேஜ் பார்த்து, மிஞ்சிய அரை லிட்டரை அடுத்த சில வாரத்துக்குக் குறைநிரப்ப வைத்துக்கொண்டால் திறந்த ஆயில் என்ற பிரச்சினையே எழுவதில்லை.

5 லிட்டர் கேனில்தான் கவனம் வேண்டும். 3.2 லிட்டர் காருக்கு 5 லிட்டர் வாங்கினால் 1.8 லிட்டர் நிற்கும். அடுத்த மாற்றம் ஒரு வருஷம் கழித்து. இடையில் கார் ஆயில் குடிக்காத வண்டியாக இருந்தால் அந்த 1.8 லிட்டருக்கு வேலை இல்லை. ஒரு வருஷம் கழித்து அதோடு 1.5 லிட்டர் புதிதாகச் சேர்த்து ஊற்றலாமா? அதே கம்பெனி, அதே பிசுக்குமை எண் (5டபிள்யூ-30 மாதிரி கெட்டித்தன்மையைச் சொல்லும் எண்), அதே ஏபிஐ தரமாக (அமெரிக்க பெட்ரோலிய நிறுவனம் வகுத்த தரம்) இருந்து, கேன் இறுக மூடி வீட்டுக்குள் இருந்திருந்தால் ஊற்றலாம். கொட்டகையில் கிடந்ததை ஊற்ற வேண்டாம். வருஷத்தில் இரண்டு தடவை மாற்றும் அளவுக்கு ஓடுகிற வாடகைக் காருக்கு 5 லிட்டர் கேன் சரியாகப் பொருந்தும்.

20 லிட்டர் பக்கெட்

தப்பு அதிகம் நடக்கிற இடம் இதுதான், ஆசை அதிகம் வருவதும் இதில்தான்.

ஒரு டிராக்டர் வருஷத்துக்கு 750 மணி நேரம் ஓடுகிறது, 250 மணி நேரத்துக்கு ஒரு தடவை மாற்ற வேண்டும், ஒரு தடவைக்கு 7 லிட்டர் என்று வைத்துக்கொள்வோம். வருஷத்துக்கு 21 லிட்டர். ஒரு பக்கெட் ஏறக்குறைய ஒரு வருஷம் வருகிறது. முதல் மாற்றம் திறந்த அன்றே, இரண்டாவது 4 மாதத்தில், மூன்றாவது 8 மாதத்தில் நடக்கும். கடைசி 6 லிட்டர் 8 மாதம் திறந்திருந்த ஆயில். இது எல்லைக்குள் வருகிறது, ஆனால் மூடி ஒழுங்காக இருந்தால் மட்டும். மணி நேரம் 400தான் ஓடுகிறது என்றால் மூன்றாவது மாற்றம் 15 மாதம் கழித்து வரும். அந்த வீட்டுக்கு பக்கெட் வேண்டாம், 7.5 லிட்டர் கேன் போதும். டிராக்டரோடு டீசல் பம்ப்செட்டும் ஜெனரேட்டரும் அதே 15டபிள்யூ-40 ஆயிலில் ஓடுகின்றன என்றால் கணக்கு மாறும், பக்கெட் 6 மாதத்தில் தீரும், தாராளமாக வாங்கலாம்.

மிச்சத்தையும் கணக்குப் போட்டுப் பாருங்கள். லிட்டருக்கு 30 ரூபாய் குறைகிறது என்று வைத்தால் 20 லிட்டருக்கு 600 ரூபாய் மிச்சம். கடைசி 6 லிட்டர் வீணானால் அந்த மிச்சத்தைப் போல மூன்று மடங்குக்கு மேல் கையைவிட்டுப் போகும். வீணானது தெரியாமல் இன்ஜினில் ஊற்றிவிட்டால் பேரிங் செட் விலையைத்தான் பேச வேண்டியிருக்கும்.

பக்கெட் எப்படிக் கெடுகிறது என்பதைப் பக்கத்தில் போய்ப் பார்க்க வேண்டும். மூடியின் நடுவில் சிறிய திருகு வாய் ஒன்று இருக்கிறது. அதை இழுத்து நிமிர்த்தினால் மூக்கு மாதிரி வெளியே வரும், அதன் வழியாகத்தான் ஊற்ற வேண்டும். நம் ஊரில் என்ன செய்கிறோம்? பக்கெட் பின்னால் தண்ணீர் பிடிக்க உதவும் என்று, மூடி உடையாமல் சுற்றுப் பட்டையை ஸ்க்ரூ டிரைவரால் நெம்பி முழு மூடியையும் கழற்றுகிறோம். பிறகு டீசல் அளக்கிற மக்கால் மொண்டு ஊற்றுகிறோம். மூடியைத் திரும்ப மேலே வைத்தால் ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு நிற்கும், பட்டை திரும்பப் பிடிக்காது. மேலே ஒரு சாக்கு. அந்தச் சாக்கில் உமியும் தூசியும். மக்கில் ஒட்டியிருந்த டீசல் ஏற்கெனவே ஆயிலுக்குள் போயாகிவிட்டது. அடுத்த தடவை திறக்கும்போது மூடியின் உள்பக்கம் பனித்துளி மாதிரி நீர் கோத்திருக்கும், கொஞ்சம் தட்டினால் உள்ளே சொட்டும். 8 மாதத்தில் அந்த ஆயில் புதிதாக வாங்கிய ஆயிலாக இருக்காது.

எனவே பக்கெட் வாங்குவதென்றால் நிபந்தனைகள் உண்டு. முழு மூடியைக் கழற்றக் கூடாது, மூக்கு வழியாக மட்டும் ஊற்ற வேண்டும். ஊற்றி முடித்ததும் மூக்கை சுத்தமான துணியால் துடைத்து, திருகு மூடியை இறுக்கி, மூக்கை உள்ளே அமுக்கிவிட வேண்டும். 20 லிட்டர் ஆயில் பதினேழரை கிலோ, பக்கெட்டோடு 18 கிலோவுக்கு மேல். அதைத் தூக்கி டிராக்டர் மேல் சாய்க்க முடியாமல்தான் பலர் மக்கைத் தேடுகிறார்கள். அதற்கு 2 லிட்டர் மூடியுள்ள அளவு ஜாடி ஒன்றைத் தனியாக, இன்ஜின் ஆயிலுக்கு மட்டும், பாலித்தீன் பையில் கட்டி வைத்துக்கொள்வது நல்லது. புனலுக்கும் அதே மரியாதை தர வேண்டும். டீசல் ஊற்றுகிற புனலை ஆயிலுக்கு எடுக்காதீர்கள்.

இன்னொன்று. டிராக்டரின் கியர் பாக்ஸுக்கும் ஹைட்ராலிக்குக்கும் போகிற ஆயிலும் இதே மாதிரி 20 லிட்டர் பக்கெட்டில்தான் வருகிறது, சில கம்பெனிகளில் பக்கெட் நிறமும் ஒன்றே. இரண்டையும் பக்கத்துப் பக்கத்தில் வைக்காதீர்கள். வாங்கிய அன்றே அழியாத மார்க்கரால் பக்கெட்டின் உடம்பில், மூடியில் அல்ல, "இன்ஜின்" என்று பெரிதாக எழுதி, வாங்கிய தேதியும் திறந்த தேதியும் போடுங்கள். மூடிகள் இடம் மாறும், பக்கெட் மாறாது.

210 லிட்டர் பேரல்

வருஷத்துக்கு 400 லிட்டருக்கு மேல் செலவாகிற இடத்துக்கு மட்டும் பேரல். நாமக்கல் பக்கத்து லாரி செட், திருச்செங்கோட்டின் போர்வெல் வண்டி உரிமையாளர்கள், ஜேசிபி நான்கைந்து ஓட்டுபவர்கள், நாளுக்கு ஏழெட்டு வண்டி ஆயில் மாற்றும் ஒர்க் ஷாப் ஆகியோருக்கு இது லாபம். திறந்த பேரல் 6 மாதத்துக்குள் காலியாகும். மூன்று, நான்கு டிராக்டர் வைத்திருப்பவர்கள் பங்கு போட்டு பேரல் வாங்கிப் பிரித்துக்கொள்வதும் உண்டு. பிரிப்பதென்றால் ஒரே நாளில் பிரித்துவிட வேண்டும், அதுவும் பழைய தண்ணீர் கேனில் அல்ல. கழுவிக் காயவைத்த கேனின் வளைவுகளில் நிற்கிற சொட்டுத் தண்ணீரே போதும், ஆயில் மங்கிவிடும். அதே தர ஆயில் இருந்த காலி கேன்தான் சரி.

பேரலை வெளியே நிற்க வைத்தால் நடப்பது இது. மேல் தட்டைச் சுற்றி விளிம்பு உயர்ந்திருக்கும், அது ஒரு தட்டு மாதிரி மழைத் தண்ணீரைப் பிடித்து வைக்கும். பகலில் வெயிலில் பேரல் சுட்டு உள்ளே இருக்கும் காற்று விரிந்து, 2 அங்குல மூடியின் மரை வழியாகக் கொஞ்சம் வெளியேறும். ராத்திரி பேரல் குளிர்ந்ததும் உள்ளே காற்று சுருங்கி, வெளியே இருப்பதை உறிஞ்சும். மூடியின் மேல் தண்ணீர் நிற்கிறதென்றால் அந்தத் தண்ணீரை உறிஞ்சும். சீல் பிரிக்காத பேரலிலேயே இது நடக்கும். மூடி இறுக்கமாகத்தானே இருக்கிறது என்று நம்பி, ஐப்பசி, கார்த்திகை முழுக்க வெளியே விட்டால், தையில் பம்ப் போடும்போது அடியிலிருந்து முதலில் வருவது தண்ணீர்தான்.

இடமில்லாமல் வெளியேதான் வைக்க வேண்டும் என்றால் பேரலைப் படுக்க வைக்கவும். பெரிய மூடி, சிறிய மூடி இரண்டும் கடிகாரத்தின் 3 மணி, 9 மணி இடத்தில், தரைக்குக் கிடையாக ஒரே கோட்டில் வர வேண்டும். அப்போது இரண்டு மூடிகளுக்கும் உள்பக்கம் ஆயில் நிற்கும், காற்று இருக்காது, உறிஞ்ச வழியில்லை. வெளிப்பக்கம் தண்ணீரும் தேங்காது. கீழே மரக்கட்டை, இரண்டு பக்கமும் உருளாமல் ஆப்பு. படுக்க வைக்க முடியாதென்றால் ஒரு பக்கம் கட்டை கொடுத்துச் சாய்த்து, தண்ணீர் தேங்கும் தாழ்ந்த பக்கத்தில் மூடிகள் வராதபடி திருப்பி வைத்து, மேலே தார்ப்பாய் கட்டுங்கள். திறந்த பேரல் எக்காரணம் கொண்டும் வெளியே வேண்டாம். உள்ளே, மரப்பலகை மேல், நிமிர்த்தி, கை பம்ப் போட்டு வைக்கலாம். பம்ப் குழாய் அடித்தட்டிலிருந்து இரண்டு அங்குலமாவது மேலே நிற்கட்டும், தண்ணீரோ கசடோ இருந்தால் அது கீழேயே தங்கட்டும். நிறைந்த பேரல் ஏறக்குறைய 200 கிலோ, லாரியிலிருந்து டயர் மேல் தள்ளி இறக்கும் பழக்கத்தில் மடிப்பு வாய் விட்டுவிடுகிறது.

நாகப்பட்டினம், தூத்துக்குடி மாதிரி கடலோரத்தில் இரும்புப் பேரல் சீக்கிரம் துரு ஏறும். அங்கே பேரல் லாபத்தைவிட பிளாஸ்டிக் கேனே மேல் என்று சொல்லத் தயங்க வேண்டியதில்லை.

மினரலா, சிந்தெட்டிக்கா: எது அதிக நாள் இருக்கும்?

முழு சிந்தெட்டிக் (ரசாயன முறையில் உருவாக்கிய) ஆயிலின் அடிப்படை எண்ணெய் ஆக்சிஜனை நன்றாகத் தாங்கும் என்பது உண்மை. ஆனால் அலமாரியில் நிற்கும் ஆயிலின் ஆயுளை அடிப்படை எண்ணெய் மட்டும் தீர்மானிப்பதில்லை, சேர்மானமும் தீர்மானிக்கிறது. அதனால்தான் தயாரிப்பாளர்கள் பெரும்பாலும் இரண்டு வகைக்கும் ஏறக்குறைய ஒரே காலம் சொல்கிறார்கள். நீண்ட நாள் வைத்திருக்க வேண்டும் என்பதற்காக சிந்தெட்டிக் வாங்குவதில் அர்த்தமில்லை. இன்ஜினுக்குள் அதிக கிலோமீட்டர் தாங்கும் என்பதற்காக, கையேடு கேட்கிறது என்பதற்காக வாங்கலாம்.

கெடுவதைவிட வேகமாக நடப்பது ஒன்று இருக்கிறது: ஆயில் காலாவதியாகும் முன்பே அதன் தரம் பழசாகிப் போவது. பெட்ரோல் வண்டிக்கான ஏபிஐ எஸ்என் தரம் 2010-ல் வந்தது, எஸ்பி 2020-ல், எஸ்க்யூ 2025-ல். டீசலில் சிஐ-4 2002-ல், சிகே-4 2016 கடைசியில். 2020 ஏப்ரல் முதல் நாடு முழுவதும் பிஎஸ்-6 (புகை மாசுக் கட்டுப்பாட்டு விதி) வண்டிகள் வந்துவிட்டன. டீசல் கார், லாரிகளில் புகைக்கரியைப் பிடிக்கும் டிபிஎஃப் வடிகட்டி இருக்கிறது. பழைய சிஐ-4 ஆயில் கெடாமல் இருந்தாலும் அதில் சாம்பல் விடும் பொருள் அதிகம். அது வடிகட்டியை அடைக்கும், எரித்துச் சுத்தம் செய்ய முடியாத அடைப்பு அது. ஆகவே தள்ளுபடியில் பக்கெட் பக்கெட்டாக வாங்கி அடுக்கும் முன், இரண்டு வருஷத்தில் வண்டி மாறுமா என்றும் பாருங்கள். மாற்றுகிற எண்ணம் இருந்தால் ஒரு தடவைக்கு வேண்டியது மட்டும் வாங்குங்கள்.

கேனில் தயாரித்த மாதமும் வருஷமும் அச்சிட்டிருக்க வேண்டும், அது சட்டம். 4, 5 ஆண்டுக் கணக்கு அந்தத் தேதியிலிருந்து தொடங்குகிறது, நாம் வாங்கிய நாளிலிருந்து அல்ல. வாங்கி வைத்துப் பயன்படுத்துவதென்றால் தயாரித்து 1 வருஷத்துக்குள் இருப்பதைக் கேட்டு வாங்குங்கள். அன்றே ஊற்றுவதென்றால் 2 வருஷம் ஆனது இருந்தாலும் குற்றமில்லை. தேதி அழிந்திருந்தால், சுரண்டியிருந்தால், வாயில் ஒட்டிய அலுமினியத் தகடு சுருங்கியோ பிரிந்தோ இருந்தால், என்ன விலை குறைத்தாலும் வேண்டாம்.

வீடா, கொட்டகையா?

5 டிகிரிக்கும் 30 டிகிரிக்கும் இடையில் என்பதுதான் பொதுவாகச் சொல்லும் அளவு. நம் கோடையில் அதற்கு வழியில்லை. சூடு ஏறி இறங்காத இடமாகப் பார்ப்பதே நம்மால் முடிந்தது. படிக்கட்டுக்கு அடியில், ஓட்டு வீட்டின் பின் அறையில், கான்கிரீட் கூரை போட்ட மோட்டார் அறையின் உள்மூலையில் பகலுக்கும் ராத்திரிக்கும் வித்தியாசம் குறைவு. தகரக் கொட்டகையில் பகலில் 45, விடியலில் 25. அந்த ஏற்ற இறக்கத்தில்தான் கேன் மூச்சு விடுகிறது, மூச்சோடு ஈரம் உள்ளே போகிறது. பாதி காலியான கேனில் காற்று அதிகம், அதனால் மூச்சும் பெரிது. ஆகவே முழு கேன் கொட்டகையில் இருந்தாலும் பாதி கேன் வீட்டுக்குள் வரட்டும். 5 லிட்டர் கேனில் 1 லிட்டர்தான் மிச்சம் என்றால் அதே தர ஆயில் இருந்த 1 லிட்டர் டப்பாவுக்கு மாற்றிக் கழுத்துவரை நிரப்பி மூடுவது இன்னும் நல்லது. எந்த ஆயில் என்று டப்பாவின் மேல் எழுத மறக்கக் கூடாது.

உரம், பேட்டரி ஆசிட், பூச்சிமருந்து இருக்கும் அலமாரி வேண்டாம். குழந்தைகள் கை படுகிற உயரமும் வேண்டாம். குளிர்பான பாட்டிலில் இன்ஜின் ஆயில் ஊற்றி வைக்கவே கூடாது.

மிஞ்சியதை ஊற்றலாமா, வேண்டாமா?

திறந்து ரொம்ப நாளான கேன் கையில் இருந்தால், முதலில் தேதி. திறந்த தேதி எழுதவில்லை, யாருக்கும் நினைவுமில்லை என்றால் விலை உயர்ந்த இன்ஜினில் ஊற்ற வேண்டாம். தேதி எல்லைக்குள் இருந்தால் கேனை ஒரு நாள் அசைக்காமல் வைத்து, மறுநாள் காலையில் மெதுவாகச் சாய்த்து மேலிருந்து ஒரு கண்ணாடி டம்ளரில் ஊற்றவும். வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் தெளிவாக, தேன் மாதிரி தெரிய வேண்டும். டம்ளருக்குப் பின்னால் செய்தித்தாளைப் பிடித்தால் எழுத்து தெரிய வேண்டும். பால் கலந்த மாதிரி மங்கலாக இருந்தால் தண்ணீர். பிறகு கேனின் அடியில் மிச்சம் உள்ள 100 மில்லியைத் தனி டம்ளரில் ஊற்றிப் பாருங்கள். அதில் கோந்து மாதிரி, வண்டல் மாதிரி ஏதாவது இருந்தால் சேர்மானம் பிரிந்து படிந்துவிட்டது. குலுக்கினால் கலந்துவிட்ட மாதிரி தெரியும், திரும்பக் கரையாது. அந்தக் கேனை இன்ஜின் பக்கம் கொண்டுபோகாதீர்கள்.

மங்கல் இருக்கிறதா இல்லையா என்று சந்தேகமாக இருந்தால், பழைய தோசைக்கல் ஒன்றை வெளியே அடுப்பில் சுட வைத்து, தண்ணீர் தெளித்தால் உடனே சுண்டுகிற சூட்டில் அடுப்பை அணைத்து, இரண்டு சொட்டு ஆயில் விடவும். படபடவென்று வெடித்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. கண்ணாடி அணிந்து, முகத்தைத் தள்ளி வைத்துச் செய்ய வேண்டும், அந்தக் கல்லைத் திரும்பச் சமையலுக்கு எடுக்கக் கூடாது. ரொம்பக் குறைந்த ஈரத்தை இந்தச் சோதனை காட்டாது. ஆகவே வெடிக்கவில்லை என்பதை வைத்து மட்டும் நல்ல ஆயில் என்று முடிவு செய்யாதீர்கள்.

இன்ஜினுக்கு ஆகாத ஆனால் சுத்தமான மிச்சத்துக்கு வேலை இருக்கிறது: மண்வெட்டி, கொழு, அரிவாள் துருப்பிடிக்காமல் பூச, கேட் கீலுக்கு, போல்ட் மரைக்கு. இதில் இரண்டு இடம் ஆகவே ஆகாது. பிரேக் ஆயில் டப்பாவில் ஒரு சொட்டுகூடப் போகக் கூடாது, ரப்பர் வாஷர்கள் ஊதிப் போய் பிரேக் பிடித்துக்கொள்ளும். மருந்தடிக்கும் பவர் ஸ்பிரேயர், புல்வெட்டி மாதிரி 2 ஸ்ட்ரோக் இன்ஜினில் பெட்ரோலோடு கலக்கவும் கூடாது. அதற்கு 2டி ஆயில்தான். இந்த ஆயில் எரிந்து சாம்பல் விட்டு, பிளக்கும் சைலன்சர் வாயும் அடையும்.

இன்ஜினுக்குள் சும்மா நிற்கும் ஆயில்

அறுவடை முடிந்ததும் நிறுத்தும் இயந்திரத்துக்கு, நிறுத்தும் முன் ஆயில் மாற்றுவதா, அடுத்த போகத்துக்கு எடுக்கும்போது மாற்றுவதா என்ற கேள்வி வரும். எடுக்கும்போது மாற்றினால் புது ஆயிலோடு தொடங்கலாம் என்பது பலரின் வழக்கம். நிறுத்தும் முன் மாற்றுவதே சரி. ஓடிய ஆயிலில் எரிபொருள் எரிந்த அமிலமும் ஈரமும் கரியும் இருக்கின்றன. அவை 6 மாதம் பேரிங்கோடு ஒட்டி நின்றால் அரிக்கும். புது ஆயிலை ஊற்றி 5, 10 நிமிஷம் ஓட விட்டு, ஆயில் எல்லா இடத்துக்கும் போனதும் நிறுத்தி வையுங்கள். 6 மாதம் கழித்து எடுக்கும்போது அதே ஆயிலில் ஓட்டலாம். திரும்ப மாற்ற வேண்டியது மணி நேரக் கணக்கு வந்ததும்தான், அல்லது ஊற்றி 1 வருஷம் ஆனதும்.

இந்த 1 வருஷக் கணக்கு ஓடாத காருக்கும் பொருந்தும். 2,000 கிலோமீட்டர்தான் ஓடியிருக்கிறது என்று மூன்று வருஷம் விடுவது தப்பு. கடைத்தெரு வரை போய் வருகிற வண்டியில் ஆயில் சூடேறுவதே இல்லை, அதில் சேர்ந்த ஈரமும் பெட்ரோலும் ஆவியாக வழியில்லாமல் உள்ளேயே தங்குகின்றன. தினமும் 50 கிலோமீட்டர் போகிற வண்டியின் ஆயில் அதைவிட ஆரோக்கியமாக இருக்கும்.

வடித்த ஆயிலைப் புது ஆயில் இருந்த கேனிலேயே ஊற்றி, அன்றே "கழிவு" என்று எழுதி, தனி மூலையில் வையுங்கள். பழைய ஆயில் எடுக்கும் ஒர்க் ஷாப்புக்குக் கொடுங்கள், அங்கிருந்து அது அனுமதி பெற்ற மறுசுத்திகரிப்புக்குப் போக வேண்டும். வாய்க்காலில், கிணற்று மேட்டில் கொட்டக் கூடாது. கழிவு ஊற்றாத காலி கேன்களை அப்படியே பழைய இரும்புக் கடைக்குப் போடாதீர்கள். நல்ல லேபிளோடு முழுசாக இருக்கும் கேனில்தான் போலி ஆயில் நிரப்பி விற்கிறார்கள். லேபிளைக் குறுக்கே கத்தியால் கிழித்து, அடியில் ஒரு ஓட்டை போட்டுவிட்டுக் கொடுங்கள்.